ரீயூனியனா, மொரீஷியஸா? உங்கள் டீச்சர் போட்ட கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கமெண்டில் சண்டைக்கு வரக்கூடாது. முழுசாகப் படித்துவிட்டு வரலாம், தாராளமாக.

நம் கோட்டுச்சேரிமேட்டுப் பிள்ளைகளுக்கு வெளிநாடு என்றால் சிங்கப்பூர், துபாய், குவைத். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளுக்குப் பாரிஸ். இப்போது வேறு இரண்டு பெயர்களும் காதில் விழுகின்றன. ஒன்று ரீயூனியன், இன்னொன்று மொரீஷியஸ். "டீச்சர், ரெண்டும் ஆப்பிரிக்கா பக்கம்தானே, ரெண்டுலயும் நம்ம தமிழ் ஆளுங்க இருக்காங்களே, எது நல்ல நாடு?" என்று சிலர் கேட்டுவிட்டீர்கள். சம்பளத்தை மட்டும் வைத்து ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் உங்களைத் தப்பான முடிவுக்குக் கொண்டுபோய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் வரைபடம். ஆப்பிரிக்கக் கண்டத்துக்குக் கிழக்கே மடகாஸ்கர் என்ற பெரிய தீவு. அதையும் தாண்டிக் கிழக்கே, இந்துமாக்கடலில், இரண்டு சின்னத் தீவுகள். இரண்டுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர்தான், விமானத்தில் முக்கால் மணி நேரம். ரீயூனியனின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 9 லட்சம். மொரீஷியஸ் சுமார் 2,000 சதுர கிலோமீட்டர், மக்கள் 12 லட்சத்துக்கும் மேல். இரண்டுமே எரிமலையால் உண்டான தீவுகள். இரண்டிலும் கரும்பு, இரண்டிலும் புயல், இரண்டிலும் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி.

18ஆம் நூற்றாண்டில் இரண்டுமே பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தன. 1810ல் ஆங்கிலேயர் இரண்டையும் பிடித்தார்கள். 1814 ஒப்பந்தத்தில் ரீயூனியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மொரீஷியஸைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அடிமை முறை ஒழிந்தது, மொரீஷியஸில் 1835ல், ரீயூனியனில் 1848ல். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! ஐந்து வருட ஒப்பந்தம் என்று சொல்லி இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினார்கள். மொரீஷியஸுக்கு நாலரை லட்சத்துக்கும் மேல், ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். ரீயூனியனுக்குப் போன கப்பல்கள் புதுச்சேரியிலிருந்தும் நம் காரைக்காலிலிருந்தும் கிளம்பின. தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழைகள் நம் அரசலாற்று முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஊரை விட்டுப் போயிருப்பார்கள். ஆகவே இந்த இரண்டு தீவுகளும் நமக்கு யாரோ அல்ல.

ஒரே மாதிரித் தொடங்கிய இந்த இரண்டு தீவுகளும் போன நூற்றாண்டில் இரண்டு வழியாகப் பிரிந்தன. 1946 மார்ச்சில் ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆகிவிட்டது. இன்றைக்கும் அது தனி நாடு கிடையாது. பிரெஞ்சு மண், யூரோ பணம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. மொரீஷியஸ் 1968 மார்ச் 12ல் சுதந்திரம் வாங்கித் தனி நாடானது. ஒன்று பெரிய வீட்டிலேயே இருந்துவிட்டது. இன்னொன்று தனிக்குடித்தனம் போனது. இனி இந்த இரண்டு குடும்பங்களின் கணக்கைப் பார்ப்போம். நான் ஐந்து கேள்வி வைத்துக்கொண்டேன்.

முதல் கேள்வி: சம்பளம் எவ்வளவு, அதற்கு என்ன வாங்கலாம்?

ரீயூனியனில் பிரான்சின் குறைந்தபட்ச ஊதியம் அப்படியே உண்டு. 1996 முதல் பாரிஸில் என்னவோ அதுவேதான் அங்கும். கையில் மாதம் 1,400 யூரோவுக்குச் சற்று மேல். மொரீஷியஸில் எல்லாத் துறைக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் 2018ல்தான் வந்தது. 2025 கணக்குப்படி மாதம் சுமார் 17,000 மொரீஷியஸ் ரூபாய். அந்த ரூபாய் நம் ரூபாயில் கிட்டத்தட்ட இரண்டு. யூரோவாக மாற்றிப் பார்த்தால் ரீயூனியன் ஊதியம் ஏறக்குறைய நான்கு மடங்கு.

இதைக் கேட்டதும் ரீயூனியன் டிக்கெட் பார்க்கப் போய்விடாதீர்கள். அங்கே அரிசி முதல் சோப்பு வரை நிறையப் பொருள் கப்பலில் வெளியிலிருந்து வருகிறது. பிரெஞ்சு அரசின் புள்ளிவிவரத் துறை 2022ல் விலை ஒப்பீடு செய்தது. உணவுப் பொருள் விலை பிரான்சைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம் என்று வந்தது. அங்கே வேலை பார்க்கும் அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் "தீவில் விலைவாசி அதிகம்" என்று சம்பளத்துக்கு மேல் 53 சதவீதம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கடையில் வேலை செய்பவருக்கும் கரும்பு வெட்டுபவருக்கும் அந்தக் கூடுதல் கிடையாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே கடையில்தான் அரிசி வாங்க வேண்டும். 2018 நவம்பரில் மஞ்சள் சட்டைப் போராட்டம் வந்தபோது ரீயூனியனில் சாலையெல்லாம் மறித்து, இரவு ஊரடங்கு போடும் அளவுக்குப் போனதற்கு இந்த வயிற்றெரிச்சலும் ஒரு காரணம்.

இரண்டாவது கேள்வி: உடம்புக்கு வந்தால்?

இதில் சந்தேகமே வேண்டாம், ரீயூனியன்தான். பிரெஞ்சு மருத்துவக் காப்பீடு முழுவதும் அங்கே செல்லும். சராசரி ஆயுள் 80ஐத் தாண்டிவிட்டது. மொரீஷியஸில் 75ஐ ஒட்டி நிற்கிறது. பிறந்து ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் மொரீஷியஸில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மொரீஷியஸையும் குறைத்துச் சொல்ல முடியாது. அங்கும் அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஒரு காலத்தில் ஊரையே தின்ற மலேரியாவை ஒழித்துக் காட்டியவர்கள். இன்றைக்கு அவர்களைத் தின்பது சர்க்கரை நோய். பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. நம் ஊர்க் கதைதான்.

மூன்றாவது கேள்வி: பிள்ளைக்குப் படிப்பும் வேலையும்?

இங்கேதான் நான் ஆசிரியராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1961ல் ஜேம்ஸ் மீட் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் மொரீஷியஸைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். பின்னாளில், 1977ல், நோபல் பரிசு வாங்கியவர். இருக்கும் ஒரே பயிர் கரும்பு, மக்கள்தொகை வேகமாகப் பெருகுகிறது, பல இனம் பல மதம், இந்தத் தீவு அமைதியாக முன்னேற வாய்ப்பு குறைவு என்பது அவர் கணிப்பு. அன்றைய நிலையைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். சுதந்திரம் வந்தபோது ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சர்க்கரைதான்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். குடும்பக் கட்டுப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். 1960களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு பிள்ளை என்று இருந்தது, இருபது வருடத்தில் மூன்றுக்கும் கீழே வந்தது. 1970ல் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குச் சட்டம் போட்டார்கள். துணி தைக்கும் ஆலைகள் வந்தன. அதுவரை கரும்புத் தோட்டத்திலும் அடுப்படியிலும் இருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் மாதச் சம்பளம் வாங்கினார்கள். 1977 முதல் மேல்நிலைப் பள்ளி வரை படிப்பு இலவசம். 2005ல் மாணவருக்கும் முதியோருக்கும் பஸ் இலவசம். இதெல்லாம் பெரிய பணக்கார நாடு செய்த காரியம் இல்லை. கையில் இருந்த சர்க்கரைக் காசை எதில் போடுவது என்று யோசித்துச் செய்தது.

ரீயூனியனில் பள்ளிக்கூடம் பிரெஞ்சுத் தரம், கட்டடம் பிரெஞ்சுத் தரம். ஆனால் படித்து முடித்த பிள்ளைக்கு வேலை? வேலை தேடுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. இளைஞர்களிடையே இன்னும் மோசம். மூன்றில் ஒருவருக்கு மேல், பிரான்சின் அளவுகோல்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழே. அரசு உதவித்தொகை வருகிறது, பட்டினி இல்லை. வேலைதான் இல்லை.

பாரிஸ் அரசு இதற்குக் கண்டுபிடித்த வழி, ஆளையே ஏற்றிக்கொண்டு போவது. 1963 முதல் 1981 வரை இதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் நடத்தித் தீவு மக்களைப் பிரான்சுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அதைவிடக் கொடுமை, அதே காலத்தில் ரீயூனியனிலிருந்து சுமார் 2,000 குழந்தைகளைப் பிரித்தெடுத்து, பிரான்சில் ஆள் குறைந்துபோன கிராமப்புறங்களுக்கு அனுப்பினார்கள். கிரேஸ் என்ற பகுதிக்குப் பலர் போனதால் 'கிரேஸ் குழந்தைகள்' என்றே பெயர். அது தன் தார்மீகப் பொறுப்பு என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ள 2014 ஆகிவிட்டது. மனிதருக்கு வாழ்க்கைத் தரம் என்றால் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

நான்காவது கேள்வி: ஆபத்து வந்தால் யார் வருவார்கள்?

சுனாமியையும் கஜாவையும் பார்த்த நம் ஊருக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். 2024 ஜனவரியில் பெலால் என்ற புயல் இரண்டு தீவுகளையும் அடித்தது. ரீயூனியனில் மிக உயர்ந்த எச்சரிக்கை கொடுத்து, யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். பிரான்சிலிருந்து மீட்புப் படையும் வந்து சேர்ந்தது. மொரீஷியஸில் ஜனங்கள் காலையில் வேலைக்குப் போய்விட்டார்கள். தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் புகுந்து கார்களை அடித்துக்கொண்டு போனது. வானிலைத் துறையின் தலைவர் பதவி விலகினார். உயிர்ச்சேதம் இரண்டிலும் இருந்தது. ஆனால் தயாராக இருந்தது எது என்று கேட்டால் ரீயூனியன்.

இன்னொன்று, மீன்பிடிக்கும் வீடுகளுக்காகச் சொல்கிறேன். 2020 ஜூலையில் வகாஷியோ என்ற ஜப்பானியக் கப்பல் மொரீஷியஸின் பவளப்பாறையில் ஏறி உட்கார்ந்தது. அடுத்த மாதம் சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. மீனவர்களின் பிழைப்பு போனது. ஊர் ஜனங்களே கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து, மிதவை செய்து, எண்ணெயைத் தடுக்கப் பார்த்தார்கள். சாதனங்களோடு விமானம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பக்கத்து ரீயூனியனிலிருந்து. தனிக்குடித்தனத்தின் கஷ்டம் இதுதான்.

ஐந்தாவது கேள்வி: நம் பெயரும் நம் பேச்சும் இருக்கிறதா? முடிவு செய்வது யார்?

மொரீஷியஸ் பணத்தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. தொடக்கப் பள்ளியில் தமிழ் படிக்கலாம். 1998ல் புதுப் பணத்தாளில் மொழிகளின் வரிசையை மாற்றித் தமிழைப் பின்னுக்குத் தள்ளியபோது, தமிழர்கள் எதிர்த்து அந்தத் தாளைத் திரும்பப் பெற வைத்தார்கள். வீட்டில் தமிழ் பேசுவது அங்கும் அருகிவிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும்.

ரீயூனியனில் நம்மவர்களை 'மலபார்' என்று கூப்பிடுகிறார்கள். கோயில் உண்டு, தீமிதி உண்டு, பக்தி நம்மைவிட ஒரு படி மேல். ஆனால் பல தலைமுறையாகப் பள்ளிக்கூடம் பிரெஞ்சு மட்டும், பிள்ளைக்கு இடும் பெயர் கிறிஸ்தவப் பெயர் என்று போனது. குடும்பப் பெயரில் மட்டும் ஒரு முருகனோ மாரியோ உடைந்த உச்சரிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முடிவு செய்வது யார் என்று பார்த்தால், பாரிஸ் நாடாளுமன்றத்தின் 577 பேரில் ரீயூனியனுக்கு 7 பேர். மொரீஷியஸ் சபையோ முழுக்க அவர்களுடையது. காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? 30 எம்எல்ஏக்களில் நமக்கு 5 பேர். தலைநகரம் 130 கிலோமீட்டர் தள்ளி. தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் நல்லவராகவே இருந்தாலும் நம் வாசலில் தேங்கிய தண்ணீர் அவருக்குத் தெரியாது.

அதற்காக மொரீஷியஸில் எல்லாரும் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் அங்கே பின்தங்கியே இருக்கிறார்கள். 1999ல் அவர்களின் பாடகர் ஒருவர் போலீஸ் காவலில் இறந்ததும் கலவரம் வெடித்தது. இன்று அங்கே ஆலைகளில் தைப்பவர்களில் ஏராளமானோர் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள். அன்றைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்!

சரி, கூட்டிக் கழித்தால் என்ன விடை?

இன்றைய தேதியில், ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைக்கும் வசதியை மட்டும் அளந்தால் ரீயூனியன் முன்னே நிற்கிறது. ஆஸ்பத்திரி, ஆயுள், குறைந்தபட்ச வருமானம், புயல் பாதுகாப்பு, நான்கிலும். இதை மறைத்துச் சொன்னால் நான் ஆசிரியர் இல்லை.

ஆனால் நான் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பேன்: வந்துகொண்டிருப்பது நின்றால் என்ன ஆகும்?

மொரீஷியஸுக்கு அது பல தடவை நின்றிருக்கிறது. 2005ல் உலகத் துணி வியாபாரத்தில் இருந்த ஒதுக்கீட்டு முறை முடிந்தது, ஆலைகள் மூடின. அடுத்த வருடம் முதல் ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்த விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைத்தது. 2020ல் கொரோனா, சுற்றுலாவே இல்லை. ஒவ்வொரு தடவையும் விழுந்தார்கள், வேறு வழி தேடினார்கள். சர்க்கரையிலிருந்து துணி, துணியிலிருந்து சுற்றுலா, வங்கித் தொழில், கணினி. 2020ல் உலக வங்கி அவர்களை உயர்வருமான நாடு என்று பட்டியலில் சேர்த்தது, அடுத்த வருடமே இறக்கியது. முதியோர் ஓய்வூதிய வயதை 60லிருந்து 65க்குக் கொண்டுபோவதாக 2025 பட்ஜெட்டில் சொன்னதும் தெருவில் இறங்கிச் சத்தம் போட்டார்கள். கஷ்டம்தான். ஆனால் தன் சோற்றுக்குத் தானே வழி பார்க்கும் பழக்கம் அந்த நாட்டுக்கு இருக்கிறது. ரீயூனியனுக்கு அந்தப் பரீட்சை இன்னும் வரவில்லை. பாரிஸின் பணம் நின்றால் என்ன என்று அங்கே யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இதை எதற்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், இந்த இரண்டு தீவும் நம் ஊரில், நம் சொந்தத்திலேயே இருக்கிறது. அத்தாச்சிமார்கள், மாமன்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தாத்தா சொல்தாவாக இருந்த வீடு. பிரெஞ்சுப் பென்ஷன் யூரோவில் வருகிறது. மாடி வீடு, ஏசி, பைக். அந்த வீட்டுப் பையன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். "அவனுக்கு என்ன குறை டீச்சர்" என்று அவன் அம்மாவே சொல்லுவார். தாத்தாவோ பாட்டியோ கண்ணை மூடிய மாதத்தோடு அந்தப் பணம் நிற்கும். இப்படி நின்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்திலேயே வலை பின்னும் வீடு. மீன்பிடித் தடைக் காலத்தில் 61 நாள் அடுப்பு எரியவே யோசனை. அந்த வீட்டுப் பெண் நர்சிங் படித்து வேலைக்குப் போய்விட்டாள். இன்றைக்கு வசதி எந்த வீட்டில் என்று கேட்டால் முதல் வீட்டில்தான். பத்து வருடம் கழித்துக் கேளுங்கள்.

பென்ஷன் தப்பு, அரசு உதவி தப்பு என்று நான் சொல்லவில்லை. நானும் பென்ஷன் வாங்குகிறவள்தான். மொரீஷியஸே 1950களிலிருந்து எல்லா முதியோருக்கும் ஓய்வூதியம் கொடுத்து வந்த நாடு. வித்தியாசம் என்னவென்றால், பெரியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய கையோடு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும், பெண்களுக்கு வேலையும் உண்டாக்கினார்கள். வருகிற காசு அடுத்த வருமானத்துக்கு விதையாக வேண்டும். விதைநெல்லைக் குத்திச் சாப்பிடக்கூடாது என்று நம் டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியாக, போக நினைக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு. ரீயூனியன் பிரெஞ்சு மண் என்றாலும் ஷெங்கன் பகுதியில் சேராது, விசா விதி தனி. மொரீஷியஸுக்குச் சுற்றுலா போவது எளிது, வேலை செய்ய வேண்டுமானால் முறையான வேலை அனுமதி வேண்டும். அது கையில் இல்லாமல் ஏஜெண்டிடம் பணத்தைக் கட்டாதீர்கள். கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் மூன்று பதில் எழுதுங்கள்: வாடகையும் அரிசியும் போக மாதம் என்ன மிஞ்சும்? உடம்புக்கு வந்தால் யார் செலவு? இந்த வேலை போனால் அங்கேயே வேறு என்ன தெரியும் எனக்கு? மூன்றாவது பதில் காலியாக இருந்தால், முதலில் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு எந்தத் தீவுக்கு வேண்டுமானாலும் போங்கள்.

அந்த இரண்டு தீவுகளிலும் இருந்த, இருக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊரில் ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ மீன் இன்றைக்கு என்ன விலை என்று கமெண்டில் எழுதுங்கள். எல்லாருக்கும் உபயோகமாக இருக்கும்.

எல்லாரும் நல்லா இருங்க. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டீச்சர்,
கோட்டுச்சேரிமேடு.